பூனைக்கால் எக்ஸ்ரேயில் என் விரல் எலும்பும் விழுந்திருக்கிறது, என்ன செய்வது?

வெள்ளைவால்:

வணக்கம். நாய், பூனை பார்க்கும் கிளினிக் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே என்றால் மிருகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் நான்தான்.

போன வாரம் பின்னங்காலை ஊன்ற முடியாமல் ஒரு பூனை வந்தது. படுக்கவைத்தால் சுருண்டு எழுந்துகொண்டே இருந்தது. இடது கையால் பிடரி, வலது கையால் பாதத்தை இழுத்துப் பிடித்தேன். முதல் படம் ஆடிப்போயிற்று. இரண்டாவதில் முழங்கால் பாதி வெட்டுப்பட்டது. மூன்றாவது நன்றாக வந்தது என்று டாக்டர் சொன்னதும் நானும் திரையை எட்டிப் பார்த்தேன். கீழ் மூலையில், பூனையின் பாதத்தை ஒட்டி, என் இரண்டு விரல்களின் எலும்பு அடிக்கணு வரைக்கும் தெரிந்தது. மோதிரம் பளிச்சென்று வெள்ளை வளையமாக இருந்தது. டாக்டர் மவுஸை இழுத்து அந்த மூலையை வெட்டிவிட்டுப் படத்தைச் சேமித்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரம். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எங்களிடம் லெட் ஏப்ரன் (கதிரைத் தடுக்க ஈயம் வைத்த மேலங்கி) இரண்டு இருக்கின்றன, நாற்காலியில் மடித்துக் கிடக்கும். லெட் கிளவுஸ் ஒரு ஜோடி. கட்டைவிரல் தையல் விட்டிருக்கிறது, தடிமனாக இருப்பதால் பூனைப் பாதம் பிடிபடாது, கழற்றிவிடுவேன். பட்ட கதிரை அளக்கும் பேட்ஜ் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் பெயரில். ஏப்ரன் போட்டால் போதும் என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: இதுவரை எவ்வளவு பட்டிருக்கும்? ஏப்ரன் உண்மையிலேயே போதுமா? எடுத்து முடித்த பிறகு அறையிலோ மிருகத்தின் மேலோ கதிர் தங்குமா? கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். வேலையையும் விட முடியாது. எதைக் கேட்டு வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய_டெக்னீஷியன்:

தங்கச்சி, முதலில் பயத்தை இறக்கி வை. பூனைக்காலுக்குக் கொடுக்கும் எக்ஸ்போஷர் மிகச் சிறியது, ஒரு படத்துக்கு ஒரு மில்லிகிரேயைக்கூட (கதிரை அளக்கும் அலகு) எட்டாது. தோல் சிவக்க வேண்டும் என்றாலே அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். அந்த மூன்று படத்தால் உன் விரலுக்கு ஒன்றும் ஆகாது. பொத்தானை விட்ட கணமே கதிர் நின்றுவிடும். லைட்டை அணைத்தால் வெளிச்சம் எங்கே தங்குகிறது? அதே மாதிரிதான். அறையிலும் தங்காது, பூனை மேலும் தங்காது.

ஆனால் நீ தூங்காமல் யோசித்தது சரியான விஷயத்தைத்தான். அந்த ஒரு படத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. எட்டு மாதமாக இப்படித்தான் பிடிக்கிறாய், இன்னும் பல வருடம் பிடிப்பாய். என்னைக் கவலைப்படுத்துவது அந்தப் பழக்கம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் பதிய வை. குழாயிலிருந்து நேராக இறங்குவது நேர்க்கதிர். அது மிருகத்தின் மேல் பட்டு நாலாபக்கமும் தெறிப்பது சிதறல் கதிர். மிருகத்திடமிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்பவருக்கு வரும் சிதறல், மிருகத்தின் மேல் விழுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் தொழிலின் தோராயக் கணக்கு. உன் விரல் நேர்க்கதிருக்குள் இருந்தது. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆயிரம் படம் எடுத்தால் கிடைப்பதை அந்த விரல் ஒரே படத்தில் வாங்கியிருக்கிறது. ஏப்ரன் போட்டிருந்தாயே, அதற்கும் விரலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏப்ரனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறல் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். நல்ல பொருள். ஆனால் அது சிதறலுக்காக மட்டுமே செய்யப்பட்டது, நேர்க்கதிருக்கு முன்னால் நிற்க இல்லை. கிளவுஸும் அப்படித்தான். கிளவுஸ் போட்ட கையை, நேர்க்கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்துக்குள் வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. இன்னும் மோசமானது, கிளவுஸைப் போடாமல் கைமேல் போர்வை மாதிரி விரித்துக்கொள்வது. மேலிருந்து வருவது தடைபடும், மிருகத்திலும் மேஜையிலும் பட்டுக் கீழிருந்து திரும்பி வருவது வெறும் உள்ளங்கையில் படும். போதாததற்குப் படத்துக்குள் ஈயம் வந்தால் கம்ப்யூட்டர் குழம்பி கான்ட்ராஸ்ட் கெட்டு, இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்கள்.

நான் வேலை கற்றது பிலிம் கழுவும் காலத்தில். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெறுங்கையால் நாய்களைப் பிடித்தே காலம் தள்ளியவர். அவர் வலது கட்டைவிரல் நகம் நீளவாக்கில் கோடு கோடாக வெடித்திருக்கும், பக்கத்துத் தோல் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி. இருட்டறையின் சிவப்பு விளக்கில் அந்த விரல் பிலிமின் ஓரத்தைப் பிடித்திருப்பது இன்றும் கண்ணில் நிற்கிறது. கதிரால்தான் அப்படி ஆனதா என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் கையைக் கட்டத்துக்குள் வைத்ததில்லை. ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். எடிசனிடம் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி இரண்டு கைகளையும் இழந்து 1904-ல் இறந்துபோனார். குழாயைச் சோதிக்கத் தன் கையையே அதன் முன்னால் நீட்டிய மனிதர். கையைப் பற்றி இத்தனை பேசுவதற்கு அவரும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்யலாம்? பிடிக்காமல் எடுக்கக் கற்றுக்கொள். இது நடக்கிற காரியம்தான், நான் தினமும் செய்கிறேன்.

மயக்கம் கொடுத்த பூனைக்குப் பின்னங்காலின் பக்கவாட்டுப் படம் என்று வைத்துக்கொள். நோவுள்ள கால் கீழே, படம் பதியும் பிளேட்டை ஒட்டி இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வை. மேலே இருக்கும் நல்ல காலுக்குத் துணிநாடாவால் ஒரு சுருக்குப் போட்டு, வயிற்றுப் பக்கமாக மடக்கி மேஜை ஓரத்தில் கட்டு. கீழ்க்காலின் பாதத்தில் ஒட்டுநாடா சுற்றி, வாலை நீட்டி விடுவது போல மெதுவாக இழுத்து மேஜையில் ஒட்டு. முதுகுப் பக்கம் நுரைக்கட்டை ஒன்று. முன்னங்கால்கள் மேல் நீளமான மணல்பை. கழுத்தில் பை வைப்பதானால் மணலை இரு முனைக்கும் தள்ளிவிட்டு நடுவில் வெறும் துணி மட்டும் படும்படி போடு. மூச்சுக்குழலிலோ மார்பிலோ பாரம் ஏறவே கூடாது. நுரைக்கட்டை படத்தில் அவ்வளவாகத் தெரியாது, மணல் நன்றாகத் தெரியும், அதனால் பை கட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு வயர் நீளும் வரை பின்னால் போய், தடுப்புக்குப் பின்னால் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்து. முதல் பாதி அழுத்தலில் குழாய்க்குள் இருக்கும் ஆனோடு என்ற உலோகத் தட்டு சுழல ஆரம்பிக்கும் சத்தம் கேட்கும். மிருகம் அசையாத நேரம் பார்த்து மீதியை அழுத்து. சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்த ஒரு விநாடிக்குள் பூனை தலையைத் திருப்பிவிடும்.

மயக்கம் கொடுக்கவே முடியாத நிலையில், நோய் அறிய அந்தப் படம் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் பிடிக்கலாம். அப்போதும் ஏப்ரன், தைராய்டு காலர் (கழுத்தை மூடும் ஈயப் பட்டை), கிழியாத கிளவுஸ், கை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்தைத் தள்ளி வைத்து. அரை மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் பதினாறில் ஒரு பங்குதான் வரும். எப்போதும் ஒரே ஆள் பிடிக்கக் கூடாது. யார், எந்தத் தேதி, எத்தனை படம் என்று ஒரு நோட்டு போடுங்கள். நோட்டு வந்தாலே பிடிப்பது பாதியாகக் குறையும், எழுதும்போது யோசிக்கத் தோன்றுகிறது.

டாக்டர் மூலையை வெட்டியதைப் பற்றி ஒன்று. பிலிம் காலத்தில் கட்டத்தை அகலமாகத் திறந்தால் பிலிமே காட்டிக்கொடுக்கும். நாலு ஓரமும் கதிர் படாமல் வெள்ளையாக நின்றால்தான் ஒழுங்காகச் சுருக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இப்போது திரையில் வெட்டிவிட்டால் எல்லாமே அழகாகத் தெரிகிறது, கதிர் மட்டும் ஏற்கெனவே பட்டு முடிந்திருக்கும். கட்டத்தைச் சுருக்குவது கைக்கு மட்டும் நல்லதில்லை. சிதறல் குறையும், படமும் தெளியும். டிஜிட்டலில் இன்னொரு பொறி, எக்ஸ்போஷர் கூடினாலும் படம் கருக்காது, இன்னும் வழவழப்பாகத்தான் வரும். அதனால் ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். மிருகத்தின் தடிமனை அளந்து, அதற்கு எத்தனை கேவி (கதிரின் ஊடுருவும் வேகம்), எத்தனை எம்ஏஎஸ் (கதிரின் அளவு) என்று ஒரு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறதா பார். இல்லையென்றால் நீயே ஆரம்பி.

ஏப்ரனை இன்றே நாற்காலியிலிருந்து எடுத்துக் கம்பியில் தொங்கவிடு. மடித்த இடத்தில் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. வருடம் ஒருமுறை ஏப்ரனையே பிளேட் மேல் விரித்துப் படம் எடுத்தால் விரிசல் கறுப்புக் கோடாக விழும்.


பூனை_டாக்டர்:

மேலே டெக்னீஷியன் அண்ணன் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. மருத்துவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் மயக்கம் கொடுப்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் நாங்கள். நானும் பல வருடம் "ஒரு செகண்ட் பிடிம்மா" என்று சொல்லியிருக்கிறேன். மயக்க மருந்து நேரத்தை விழுங்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் எண்ணிப் பார்த்ததில், முரண்டு பிடிக்கும் பூனையை இருவர் அமுக்கி மூன்று நான்கு முறை எடுக்கும் நேரம்தான் அதிகமாக இருந்தது. அதைவிட, எலும்பு முறிந்த காலை விழித்திருக்கும்போது இழுத்து நீட்டுவது அந்த உயிருக்கு எத்தனை வலி என்பதை நான் அதுவரை எண்ணவே இல்லை. இதை எழுதும்போதும் சங்கடமாக இருக்கிறது.

பியூட்டார்பனாலும் டெக்ஸ்மெடிடோமிடினும் சேர்த்துக் கொடுத்தால் வலியும் தணியும், ஆட்டமும் நிற்கும். வேலை முடிந்ததும் அட்டிபமசோல் போட்டால் டெக்ஸ்மெடிடோமிடினின் மயக்கம் தெளியத் தொடங்கும். டெக்ஸ்மெடிடோமிடின் இதயத் துடிப்பை மந்தமாக்கும், இதய நோயுள்ள மிருகத்துக்கு வேறு வழி யோசிக்க வேண்டும். பயந்த பூனை என்று முன்கூட்டியே தெரிந்தால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பே பயத்தைத் தணிக்கும் கபாபென்டின் கொடுக்கச் சொல்வேன். அளவை அந்தந்த மிருகத்தைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இங்கே எழுதமாட்டேன்.

மூச்சுத் திணறலோடு வருவது தனிக்கதை. மல்லாக்கப் போட்டு அமுக்கினால் மேஜையிலேயே உயிர் போகலாம். முதலில் ஆக்ஸிஜன், அமைதி. பிறகு வயிறு கீழே இருக்கும்படி அதுவே உட்கார்ந்த நிலையில், மேலிருந்து ஒரே படம். அதற்குப் பெரும்பாலும் யாரும் பிடிக்கவே தேவையிருக்காது. அட்டைப்பெட்டிக்குள் குந்தியிருக்கும் பூனையைப் பெட்டியோடு பிளேட் மேல் வைத்து எடுத்திருக்கிறேன். அட்டை படத்தைக் கெடுக்காது.

குழந்தை விஷயம். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை, கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்குக் கூடுதலாகச் சேர்வது சுமார் 1 மில்லிசீவர்ட்டை (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது. தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்தால் அதை எட்டுவதே அரிது. ஆனால் கர்ப்பம் தெரியவரும் முன்பே சில வாரம் போய்விடும். ஆகவே திட்டமிடும்போதே பிடிக்கும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. கர்ப்பிணிகளும் 18 வயதுக்குக் கீழானவர்களும் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

பேட்ஜ் உங்கள் பெயரில் வேண்டும். அடுத்தவர் பேட்ஜைப் போட்டால் அவர் கணக்கும் கெடும், உங்கள் கணக்கும் இருக்காது. உடம்புக்கு வருவதை அது சொல்லும், விரலுக்கு வருவதைச் சொல்லாது. அதற்கு மோதிரம் மாதிரித் தனியாக ஒன்று இருக்கிறது.


வெள்ளைவால்:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, ஏப்ரனைத் தொங்கவிட்டுவிட்டேன். அதையே படமும் எடுத்தோம். ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்றில் இடுப்பு மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "எத்தனை நாளா இதைப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க" என்று கேட்டார். அந்தப் பேச்சிலேயே மணல்பை, கிளவுஸ், பேட்ஜ் மூன்றையும் கேட்டுவிட்டேன். குழந்தை விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மீதி. நாயின் சொந்தக்காரர் "நான் பிடித்தால் அமைதியாக இருக்கும்" என்று உள்ளே வருகிறார், விடலாமா? இன்னொன்று, எங்கள் டாக்டர் மாதம் இருமுறை குதிரை பார்க்கப் போவார், கையடக்க எக்ஸ்ரே எடுத்துப்போவார். கூட நான்தான் பிளேட்டைப் பிடிக்கிறேன்.


லாயத்துக்காரன்:

குதிரைக் கேள்விக்கு நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான்.

பிளேட்டைக் கையால் பிடிக்காதீர்கள் சகோதரி. நீண்ட கைப்பிடி வைத்த பிளேட் தாங்கி இருக்கிறது, கம்பின் முனையில் பிளேட், மறுமுனையில் நீங்கள். தரையில் நிறுத்துகிற மரக்கட்டையும் போதும், கீழ்க்கால் படங்களுக்கு அதில் செருகி வைத்துவிடலாம். இயந்திரத்தையும் கையில் ஏந்தாமல் ஸ்டாண்டில் வைப்பது நல்லது.

கிளினிக்கில் கதிர் மேலிருந்து தரைக்குப் போகும். லாயத்தில் படுக்கைவாட்டில் போகிறது. பிளேட்டைத் தாண்டியும் போகும். அந்தத் திசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் பொத்தானில் விரலை வைத்த பிறகுதான் கதவுக்கு வெளியே, நேர்க்கோட்டில், வாளியோடு ஒரு சிறுவன் நிற்பதைக் கண்டேன். அழுத்தவில்லை. அன்றிலிருந்து "எடுக்கப்போகிறேன்" என்று உரக்கச் சொல்லி, பதில் வந்த பிறகே அழுத்துகிறேன். குதிரையின் தலையைப் பிடிப்பவரும் ஏப்ரன் போட்டு, கதிர்க் கோட்டுக்குப் பக்கவாட்டில், கயிறு நீளும் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். குதிரைக்கும் லேசான மயக்கம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.


பழைய_டெக்னீஷியன்:

சொந்தக்காரரை வெளியே உட்காரவை தங்கச்சி. வேலையின் பொருட்டு கதிரோடு இருப்பவருக்கு வரம்பு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், ஐந்து வருடச் சராசரியாக. பொதுமக்களுக்கு 1. அவருக்குப் பயிற்சியும் கிடையாது, பேட்ஜும் கிடையாது, நாய் துள்ளினால் அனிச்சையாகக் கையை உள்ளே நீட்டிவிடுவார். மயக்கம் ஏறும் வரை பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கட்டும், நாய்க்கும் அதுதான் பிடிக்கும். படம் எடுக்கும்போது மட்டும் கதவுக்கு வெளியே.

கண்ணைப் பற்றி முன்பு சொல்ல மறந்துவிட்டேன். கண் வில்லைக்கு முன்பு வருடம் 150 மில்லிசீவர்ட் வரை என்று இருந்ததை 2011-ல் அந்த ஆணையம் 20 ஆகக் குறைத்துவிட்டது, புரை விழுவது நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே தொடங்குகிறது என்று தெரிந்ததால். குனிந்து முகத்தை மிருகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் பழக்கம் உனக்கு இருந்தால் அதையும் விடு. கைக்கு வருட வரம்பு 500. அந்த எண்ணைப் பார்த்து இவ்வளவு வாங்கலாம் போலிருக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதே. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்த பிறகும் தாண்டக் கூடாத சுவர் அது.


வெள்ளைவால்:

இன்று முதல் முறையாக யாரும் பிடிக்காமல் எடுத்தோம். அதே பூனை, எலும்பு சேருகிறதா பார்க்க வந்திருந்தது. மயக்கம் ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பத்து நிமிடத்துக்குள் தலை சாய்ந்துவிட்டது. மணல்பை இன்னும் வரவில்லை. தற்காலிகமாகத் தடித்த துணிப்பைகளில் மணல் நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைத் தைத்துக்கொண்டேன். பாதத்தில் நாடா ஒட்டும்போது இரண்டு முறை நழுவியது, முடியை ஈரப்படுத்தித் துடைத்த பிறகு நின்றது. கட்டத்தைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை மட்டும் சுருக்கினேன். டாக்டரும் நானும் தடுப்புக்குப் பின்னால். பக்கவாட்டில் ஒன்று, முன்பின்னாக ஒன்று, இரண்டே படம். இரண்டும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தன.

திரையில் நாலு ஓரமும் வெள்ளையாக நின்றது. டாக்டர் வழக்கம்போல வெட்டப் போய் மவுஸை நிறுத்திவிட்டு, "இதில் வெட்ட என்ன இருக்கு" என்று அப்படியே சேமித்தார். எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது.